செவ்வரத்தம் பூவும் புல்மோட்டை மணலும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் வீதியில், உப்புவெளியைத் தாண்டிக் கடல் பக்கமாகத் திரும்பினால் சல்லி. மீன்பிடிக் கிராமம். கரையோரத்தில் முத்துமாரியம்மன் கோயில். அம்மனுக்குச் சாத்தச் செவ்வரத்தம் பூவுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. அதே வீதியில் வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போனால் புல்மோட்டை. அங்கே கடல் ஒதுக்கிய கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்னும் கனிமங்கள் செறிந்து கிடக்கின்றன. பூவில் சாயம் இருக்கிறது. மணலில் டைட்டானியம் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வெயிலில் வைத்தால் மின்சாரம் வரும்.

‘பூவிலிருந்து மின்சாரம்’ என்று செய்தி எழுதுகிறவர்கள் பூவின் படத்தைப் பெரிதாகப் போடுவார்கள். மணலை யாரும் படம் பிடிப்பதில்லை. ஆனால் இந்த மின்கலத்தின் கடினமான பாதி மணலில்தான் இருக்கிறது. அது ஏன் என்று சொல்வதற்கு முன் கலம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடுவோம்.

கூரைகளில் நாம் காணும் சிலிக்கன் தகட்டில் ஒரே பொருள் இரண்டு வேலை செய்கிறது. ஒளியை விழுங்கி இலத்திரனை, அதாவது எலக்ட்ரானை, விடுவிப்பதும் அதுதான். விடுபட்ட இலத்திரனை வெளிக்கம்பி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுதான். வழியில் அந்நிய அணுக்கள் இருந்தால் இலத்திரன் அங்கே சிக்கி, வந்த இடத்துக்கே விழுந்துவிடும். ஆகவே சிலிக்கன் மிக மிகத் தூய்மையாக இருக்கவேண்டும். அதற்குப் பெரிய உலைகளும் பெரிய முதலும் வேண்டும்.

1991-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பிரையன் ஓ’ரீகனும் மைக்கேல் கிரேட்சலும் இந்த இரண்டு வேலைகளையும் இரண்டு பொருட்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். ஒளியை விழுங்குவது சாயத்தின் பொறுப்பு. இலத்திரனைக் கொண்டுபோவது டைட்டானியம் டைஆக்சைடின் பொறுப்பு. இலங்கைப் பாடநூல்களில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்று படித்திருப்பீர்கள். சுவர்ப் பூச்சுக்கும் பற்பசைக்கும் வெண்மை தரும் அதே தூள்தான். அது வெள்ளையாக இருப்பதே அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குவதில்லை என்பதற்கு அடையாளம். ஏறத்தாழ 390 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளியை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். மீதி வெயிலைப் பிடிக்கச் சாயம் வேண்டும்.

சாயம் பூசிய குறைகடத்தி என்னும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்முட் ட்ரிபுட்ஷ் 1972-இலேயே இலைப் பச்சையத்தைத் துத்தநாக ஒட்சைட்டின்மேல் ஏற்றி மின்னோட்டம் எடுத்துக் காட்டினார். ஆனால் தட்டையான பரப்பில் சாயம் ஒரு மூலக்கூற்றுத் தடிப்பில்தான் ஒட்டும். அந்த ஒற்றைப் படலம் மேலே விழும் ஒளியில் நூறில் ஒரு பங்கைக்கூடப் பிடிக்காது. லொசான்காரர்கள் ஏறத்தாழ 20 நானோமீற்றர் அளவுள்ள துகள்களைப் பசையாக்கிக் கண்ணாடியில் தடவி, 450 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடைவெளிகள் அப்படியே நின்றன. பத்து மைக்ரோமீற்றர் தடிப்புள்ள அந்தப் படலத்தின் உட்பரப்பு, அது படிந்திருக்கும் கண்ணாடியின் பரப்பைப்போல் பல நூறு மடங்கு. அத்தனை பரப்பிலும் சாயம் ஏறியதும் 7 சதவீதத்துக்கு மேல் வினைத்திறன் கிடைத்தது. அவர்கள் பயன்படுத்திய சாயம் ருதேனியம் என்னும் அரிய உலோகம் கொண்ட செயற்கைச் சேர்மம்.

ஒளிபட்ட சாய மூலக்கூறு ஓர் இலத்திரனை வெள்ளைத் தூளுக்குள் தள்ளிவிட்டு வெறுங்கையோடு நிற்கும். அதற்கு மறுபடி ஓர் இலத்திரன் தரவேண்டும். அந்த வேலையைச் சுற்றிலும் நிரம்பியிருக்கும் அயோடைடுக் கரைசல் செய்கிறது. வெளிக்கம்பி வழியாகச் சுற்றி வரும் இலத்திரன் எதிர் மின்வாயில் இறங்கி, கரைசலின் கடனை அடைக்கிறது. பொருள் எதுவும் செலவாவதில்லை. ஒளி மட்டும் செலவாகிறது. காகிதத்தில் அப்படி. நிஜத்தில் என்ன நடக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ருதேனியத்துக்குப் பதில் பூச்சாற்றை வைத்தால் என்ன? இந்தக் கேள்வியைச் சீக்கிரமாகவே கேட்ட இடங்களில் ஒன்று கண்டி. ஹந்தானை மலைப் பக்கத்தில் இருக்கும் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் கீர்த்தி தென்னகோனும் அவருடைய மாணவர்களும் 1995-இல் ஒரு கலத்தை வெளியிட்டார்கள். சாயம் சயனிடின், பூக்களிலும் பழங்களிலும் உள்ள சிவப்பு நிறமி. அவர்கள் செய்ததில் பெரிய புதுமை சாயத்தைவிட மற்றொன்றில் இருந்தது. கசிந்து ஒழுகும் அயோடைடுக் கரைசலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செப்பு அயோடைடு என்னும் திண்மத்தை நுண்துளைகளுக்குள் நிரப்பினார்கள். திரவமே இல்லாத சாய மின்கலம். உலகத்தில் இந்த வகையில் முதலில் வந்த கலங்களில் அதுவும் ஒன்று. சதுர சென்ரிமீற்றருக்கு ஒன்றிரண்டு மில்லியம்பியர்தான் கிடைத்தது. ஆனால் கரைசலை ஒழித்துக்கட்டலாம் என்று அது காட்டியது. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த, ஆய்வுக்குப் பணம் அரிதாயிருந்த ஆண்டுகள் அவை. சாயத்துக்கு வெளிநாட்டுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய வசதி என்று ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1997-இல், நெரீன் செரெபி, கிரெக் ஸ்மெஸ்டாட் ஆகியோர் கிரேட்சலோடு சேர்ந்து கருநாவல் போன்ற பிளாக்பெரிப் பழத்தின் நிறமியில் 0.56 சதவீத வினைத்திறன் கண்டார்கள். அதை மறு ஆண்டு பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஏற்ற செய்முறையாக எழுதி வெளியிட்டார்கள். உலகமெங்கும் மாணவர்கள் பழத்தை நசுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2017-இல் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் சௌமித்ரா சத்பதி குழுவினர் நாவல் பழத்தைக் கையிலெடுத்தார்கள். அவர்களுக்கும் அரைச் சதவீதத்தை ஒட்டித்தான் கிடைத்தது. கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் நோர்வேயின் பெர்கன் நகரிலுள்ள மேற்கு நோர்வே பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தத் துறையில் வேலை செய்கின்றன. யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன், இரசாயனவியலில் மீனா செந்தில்நந்தனன், பெர்கனில் தயாளன் வேலாயுதபிள்ளை என்று ஒரு தமிழ்ச் சங்கிலியே இதில் இருக்கிறது.

இனிப் பூவுக்குள் போவோம். எல்லா நிறமும் உதவாது. நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைவிட, மூலக்கூற்றுக்கு டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளக் கை இருக்கிறதா என்பதே முக்கியம். செவ்வரத்தையின் சயனிடினில் ஐதரொட்சில் தொகுதிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்த இரண்டும் சேர்ந்து துகளின் மேற்பரப்பிலுள்ள டைட்டானியம் அணுவைப் பற்றிக்கொள்ளும். பற்றியது கண்ணுக்கே தெரியும்: சிவப்புச் சாற்றில் ஊறவைத்த வெள்ளைப் படலம் சிவப்பாக வெளியே வராது, ஊதாவாக வரும். தண்ணீரில் கழுவினாலும் போகாது. இரட்டைக் கை இல்லாத நிறமிகள் கழுவும்போதே கழன்றுவிடும்.

சங்குப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை ஆழமான நீலம். பார்த்தால் இதைவிடச் சிறந்த சாயம் இல்லை என்று தோன்றும். தாய்லாந்தில் 2007-இல் ஒரு குழு இதையும், புளிச்சையின் இனமான ரோசெல்லாவின் சிவப்புப் புல்லியையும் ஒரே முறையில் சோதித்தது. ரோசெல்லா 0.37 சதவீதம். சங்குப்பூ 0.05. இரண்டையும் கலந்தால் கூடும் என்று நினைப்போம், 0.15-தான் வந்தது. சங்குப்பூ நிறமியில் சர்க்கரையும் அமிலக் கூறுகளும் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. அவ்வளவு சுமையோடு துகளை நெருங்கிப் பற்றுவது கடினம். கலவையில் அது இடத்தை அடைத்துக்கொண்டதே தவிர வேலை செய்யவில்லை. ரோசெல்லாச் சாற்றை அதிகம் கொதிக்கவிடாமல் எடுத்து, அமிலத்தன்மையைக் கூட்டியபோது அதே சாயம் 0.70 வரை ஏறியது. செவ்வரத்தம் பூச்சாற்றில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் மாறுவதைப் பாடசாலையில் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும்: அமிலத்தில்தான் இந்த நிறமி நிலையாக, சிவப்பாக நிற்கும்.

வட இலங்கையின் பழைய சாயம் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. யாழ்ப்பாணம், மன்னார், வன்னிக் கரைகளின் மணற்பாங்கான நிலத்தில் தோண்டி எடுத்த சாயவேர், துணிக்குச் சிவப்பு ஏற்றியது. ஒல்லாந்தர் அதைத் தங்கள் ஏகபோகமாக்கி வருமானம் பார்த்தார்கள். வேரில் உள்ள நிறமி அலிசரின். 1869-இல் அலிசரினைத் தொழிற்சாலையில் செய்யும் வழி வந்ததும் வேருக்கு மதிப்புப் போனது. அலிசரினிலும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கைகள் உண்டு. துணியில் அது படிகாரத்தின் அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு நின்றது; மின்கலத்தில் டைட்டானியத்தைப் பற்றுகிறது. 2002-இல் ஜெர்மன், சுவிஸ் ஆய்வாளர்கள் அளந்தபோது, அலிசரினிலிருந்து இலத்திரன் டைட்டானியம் டைஆக்சைடுக்குள் போக 6 பெம்டோ வினாடி போதும் என்று கண்டார்கள். வினாடியை ஆயிரம் இலட்சம் கோடிக் கூறாக்கி அதில் ஆறு கூறு. இதைவிட வேகமான இலத்திரன் மாற்றங்கள் அபூர்வம். ஆனால் இவ்வளவு நெருக்கமான பிடி இரண்டு பக்கமும் வெட்டும். எளிதாகப் போன இலத்திரன் எளிதாகத் திரும்பியும் வந்துவிடுகிறது. வேகத்தில் சாதனை படைத்த சாயம் மின்சாரத்தில் பின்வரிசையில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது, காகிதத்தில் எழுதாத பகுதி. வெள்ளைத் தூள் சாதுவான பொருள் அன்று. புறஊதா பட்டால் அது தன்மேல் ஒட்டியிருக்கும் கரிமப் பொருளை எரித்துச் சிதைக்கும். தானாகச் சுத்தமாகும் கண்ணாடிகளில் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். மின்கலத்தில் அது சிதைப்பது சாயத்தை. திருகோணமலை வெயிலில் புறஊதாவுக்குக் குறைவில்லை. கரைசலுக்குப் பலர் பயன்படுத்தும் அசெற்றோநைற்றைல் 82 பாகையில் கொதிப்பது. சூடான கண்ணாடிக்குள் அதை அடைத்து வைத்திருப்பது இலேசான காரியமில்லை. ஒட்டு விட்டால் கரைசல் போகும், காற்றும் ஈரமும் உள்ளே வரும்.

நிறமிகள் செடியில் இருக்கும்போது வெயிலைத் தாங்குகின்றனவே என்று கேட்கலாம். செடி தாங்குவதில்லை, பழுது பார்க்கிறது. உதாரணமாக, இலையில் ஒளித்தொகுப்பின் இரண்டாம் தொகுதியில் டி1 என்னும் ஒரு புரதம் இருக்கிறது. நல்ல வெயிலில் ஏறக்குறைய அரை மணிக்கொரு தடவை அது சேதமாகி, இலை அதைக் கழற்றி எறிந்து புதியதைச் செய்து மாட்டுகிறது. பறித்த பூவின் சாற்றுக்கு இந்த வசதி இல்லை. கண்ணாடிக்குள் அடைத்த நாளிலிருந்து அதற்குத் தேய்மானம் மட்டும்தான்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாட். அரைச் சதவீதம் என்றால் 5 வாட். இன்றைய சிலிக்கன் தகடு அதே பரப்பில் 200 வாட்டுக்கு மேல் தரும். பூச்சாயக் கலம் ஒன்றின் மின்னழுத்தம் 0.4 வோல்ட் அளவில் இருப்பதால், ஒரு கைப்பேசிக்கு வேண்டிய 5 வோல்ட்டுக்குப் பதின்மூன்று கலங்களைத் தொடராக இணைக்கவேண்டும்.

கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூர் இருக்கிறது. 2006-இல் போரால் அந்த ஊர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பிறகு அங்கே இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதாக இருந்தது. 2016-இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5 அன்று அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தின் வேலை தொடங்கிவைக்கப்பட்டது. அந்த 120 மெகாவாட்டைச் சிலிக்கனில் எடுக்கத் தகட்டுப் பரப்பு மட்டும் சுமார் 0.6 சதுர கிலோமீற்றர் போதும். செவ்வரத்தையில் எடுக்க வேண்டுமானால் 24 சதுர கிலோமீற்றருக்குக் கண்ணாடி விரிக்கவேண்டும். அதையும் அடிக்கடி மாற்றவேண்டும். கலத்தின் கடத்துக் கண்ணாடியை உருவாக்கவே கணிசமான வெப்பம் செலவாகிறது. கலம் சில மாதங்களில் செத்தால் செலவிட்ட சக்தி திரும்பி வராது. பூ பசுமையானது என்பதால் மின்கலமும் பசுமையானது என்று சொல்லிவிட முடியாது. ‘நிலைபேறான சக்தி’ என்று தலைப்பிட்டு, ஊர் ஊராக ஒவ்வொரு பூவையும் பிழிந்து, முதல் நாள் அளவை மட்டும் வெளியிடும் கட்டுரைகள் நிறையவே வந்துவிட்டன. பூக்களின் பட்டியல் நீள்கிறது. அறிவு அந்த அளவுக்கு நீளவில்லை.

அப்படியானால் சாய மின்கலமே வீணா? இல்லை. செயற்கைச் சாயங்களில் வினைத்திறன் 2022-இல் 15 சதவீதத்தைத் தாண்டியது. மங்கலான அறை வெளிச்சத்தில் இவை சிலிக்கனைவிடக் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கின்றன. 2017-இல் மரினா ஃப்ரைடாக் குழுவினர் 1000 லக்ஸ் அறை விளக்கில் 28.9 சதவீதம் எடுத்தார்கள். லொசானில் 2014-இல் திறந்த மாநாட்டு மண்டபத்தின் முகப்பில் 300 சதுர மீற்றர் வண்ணச் சாயக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். ஸ்வீடனின் எக்ஸெகர் நிறுவனம் தலையில் மாட்டும் ஹெட்போன் கருவிகளுக்கு இவ்வகைக் கலங்களைச் செய்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், பெரொவ்ஸ்கைட் என்னும் புதிய தலைமுறைக் கலம் இந்த வம்சத்தில் பிறந்ததுதான். 2009-இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு சாயம் இருந்த இடத்தில் பெரொவ்ஸ்கைட்டை வைத்தது, 3.8 சதவீதம். 2012-இல் திரவத்தை அகற்றித் திண்மத்துக்கு மாறியதும் அது பாய்ந்தது. ஆய்வுகூட அளவில் இன்று 26 சதவீதத்தைக் கடந்துவிட்டது. கண்டியில் 1995-இல் திரவத்தை அகற்றப் பார்த்தவர்கள் தவறான திசையில் போகவில்லை.

இனி மணல். இல்மனைட்டின் எடையில் பாதிக்குச் சற்று அதிகமானது டைட்டானியம் டைஆக்சைடு. மீதி பெரும்பாலும் இரும்பு ஒட்சைட்டு. ரூட்டைலோ ஏறத்தாழ முழுவதுமே டைட்டானியம் டைஆக்சைடு. புல்மோட்டைப் படிவு, கனமான கனிமங்களின் செறிவில் உலகத்திலேயே பேர்பெற்றது. அரசுக்குச் சொந்தமான லங்கா மினரல் சான்ட்ஸ் நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. பிரித்த இல்மனைட்டில் பெரும்பகுதி அப்படியே கப்பலேறுகிறது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்ட ‘கோர்டியாலிட்டி’ கப்பலும் இந்த மணலை ஏற்ற வந்ததுதான். மணலாகப் போனது வெள்ளைத் தூளாக, பலமடங்கு விலையில், வர்ணப் பேணிக்குள் திரும்பி வருகிறது.

இங்கேயே தூளாக்கினால் என்ன என்ற கேள்விக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் பதில் இருக்கிறது. கேரளக் கரையிலும் மணவாளக்குறிச்சியிலும் இதே கனிமங்கள் கிடக்கின்றன. திருவனந்தபுரத்தில் 1946-இலேயே திருவாங்கூர் டைட்டானியம் ஆலையை நிறுவினார்கள். இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து, எஞ்சியதைச் சுட்டு வெள்ளைத் தூள் எடுக்கும் முறை. தொழில் வந்தது, வேலை வந்தது, வேளிக் கடலில் அமிலக் கழிவும் வந்தது. அந்தக் கழிவைப் பற்றிய வழக்கும் வாதமும் பல பத்தாண்டுகள் நடந்தன. அமிலத்தை மீட்டெடுக்கும் ஏற்பாடு இல்லாமல் புல்மோட்டையிலோ சீனன்குடாவிலோ இப்படி ஓர் ஆலையை வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். சல்லியிலும் நிலாவெளியிலும் வலை வீசுகிறவர்கள் அந்தக் கடலைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான தொன்களில் வர்ணத்தூள் செய்வது வேறு. சில கிலோ நானோத்தூளை ஆய்வுகூடத்தில் கவனமாகச் செய்யப் பழகுவது வேறு. இரண்டாவது வேலைக்குப் பேராலை வேண்டாம். துகளின் அளவையும் படிக வகையையும் கட்டுப்படுத்தத் தெரிந்த இரசாயனவியலாளர்கள் வேண்டும். மின்கலத்துக்கு மட்டுமல்ல, நீரைச் சுத்திகரிக்கவும் பட்டரிகளுக்கும் அந்தத் தூள் உதவும். சாயம் எது என்பது பிறகு பார்க்கவேண்டிய விஷயம்.

பூச்சாயக் கலத்தின் உண்மையான இடம் பாடசாலை. வெயில் எப்படி மின்சாரமாகிறது என்பதை, மூடிய கறுப்புத் தகட்டைக் காட்டிச் சொல்வதைவிட, மாணவி தன் கையால் பிழிந்த சாற்றில் காட்டுவது நல்லது. கடத்துக் கண்ணாடித் துண்டுகள் இரண்டும் கொஞ்சம் டைட்டானியம் டைஆக்சைடுப் பசையும்தான் வெளியிலிருந்து வரவேண்டும். எதிர் மின்வாய்க்குப் பென்சில் கரி தேய்த்தால் போதும். அயடீன் கரைசல் பாடசாலை இரசாயன அலுமாரியில் இருக்கும். சல்லிக்கு அருகே கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சித்த மருத்துவமும் அங்கே கற்பிக்கிறார்கள். எந்தச் செடியில் எந்தக் காலத்தில் எந்தப் பாகத்தில் சாறு கூடுதல் என்று அறிந்தவர்கள். பௌதிகமும் இரசாயனமும் படித்தவர்கள் அவர்களோடு ஒரு மேசையில் உட்காரவேண்டும்.

அப்படி உட்காரும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கலத்தைச் செய்த அன்றைக்கு அளந்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். அதைக் கூரையில், இந்தக் கரையின் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைத்து, ஒரு மாதம் தினமும் அளவெடுங்கள். முதல் நாள் எண்ணுக்குப் பக்கத்தில் முப்பதாம் நாள் எண்ணையும் எழுதி வெளியிடுங்கள், அது பூச்சியமாக இருந்தாலும்.